தொட்டுப் படிக்கும் மருத்துவம்: வளைகுடாவில் உலவும் ஐந்து தவறான நம்பிக்கைகள்

பிளஸ் டூ தேர்வு நெருங்கியதும் துபாய், ஷார்ஜா, தோஹா தமிழ்க் குடும்பங்களில் மருத்துவப் படிப்புப் பேச்சு சூடுபிடிக்கிறது. கட்டணம், விடுதி, விசா எல்லாவற்றையும் துருவித் துருவி விசாரிக்கிறோம். நம் பிள்ளை எந்த ஆண்டில், யார் மேற்பார்வையில் நோயாளியைத் தொட்டுப் பரிசோதிக்கும் என்று மட்டும் கேட்பதில்லை. நாம் கேட்காத இடத்தில் முகவர்களும் வாட்ஸ்அப் தகவல்களும் புகுந்துவிடுகின்றன.

1. "டி.ஓ. என்றால் எலும்பு வைத்தியம். முழு டாக்டர் ஆக முடியாது."

ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1892-இல் அமெரிக்காவின் கிர்க்ஸ்வில்லில் முதல் ஆஸ்டியோபதிக் கல்லூரியைத் தொடங்கினார். இன்று அந்நாட்டில் டி.ஓ. எனப்படும் ஆஸ்டியோபதிக் மருத்துவப் பட்டம் எம்.டி.க்கு நிகர், மருந்து எழுதலாம், அறுவை சிகிச்சை செய்யலாம். 2020 முதல் இரு சாராருக்கும் மேற்பயிற்சி ஒரே அங்கீகார அமைப்பின் கீழ்தான். குழப்பத்துக்குக் காரணம், பிற நாடுகளில் ஆஸ்டியோபாத் எனப்படுபவர் பெரும்பாலும் கைமுறைச் சிகிச்சையாளர், மருத்துவர் அல்லர். அமீரகத்தின் உரிமத் தகுதி விதிகளும் அவரைப் பாரம்பரிய, மாற்று மருத்துவப் பிரிவில்தான் சேர்த்துள்ளன. இரண்டும் ஒன்றென்று நினைப்பவர் நல்ல கல்லூரியை ஒதுக்கிவிடுகிறார். அல்லது கைமுறைச் சிகிச்சை டிப்ளமோவுக்குப் பணம் கட்டிவிட்டு டாக்டர் உரிமத்துக்குக் காத்திருக்கிறார்.

2. "டி.ஓ. கல்லூரியில் சொல்லித்தருவது மசாஜ்தான்."

டி.ஓ. மாணவர்கள் மற்ற மருத்துவப் பாடங்களோடு, கைமுறைப் பரிசோதனையிலும் சிகிச்சையிலும் சுமார் 200 மணி நேரம் கூடுதலாகப் பயில்கிறார்கள். ஆய்வகத்தில் இருவர் இருவராகப் பயிற்சி. ஒருவர் குப்புறப் படுப்பார். மற்றவர் முதுகெலும்பின் இருபுறமும் கட்டைவிரல்களை ஊன்றி, எந்தத் தசை இறுகியிருக்கிறது, மூச்சை இழுக்கும்போது எந்த விலா சரியாக அசையவில்லை என்று தேடுவார். ஆசிரியர் அதே இடத்தில் தன் விரல்களை வைத்துச் சரிபார்ப்பார். பிறகு இருவரும் இடம் மாறுவார்கள். இம்முறைகள் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு ஆய்வுச் சான்று இல்லை என்பது உண்மை. ஆனால் தொட்டு அறியும் திறன் எந்த மருத்துவருக்கும் அடிப்படை. ஸ்கேன் எழுதித்தராத டாக்டரை மதிக்காத நம் பழக்கமே இந்த ஏளனத்தை வளர்க்கிறது. தேவையற்ற ஸ்கேனுக்கான பில்லையும் நாம்தான் கட்டுகிறோம்.

3. "சிமுலேஷன் லேப் பிரமாதம், வேறென்ன வேண்டும்?"

கல்லூரியைச் சுற்றிக் காட்டும்போது முதலில் காட்டுவது இதைத்தான். மூச்சு விடும், நாடி துடிக்கும் பொம்மைகளைப் பார்த்துப் பெற்றோர் மயங்கிவிடுகிறார்கள். அவற்றின் பயன் பெரிது: மூச்சுக்குழாய்க்குள் டியூப் போடுவதைப் பத்து முறை தவறாகச் செய்தாலும் யாருக்கும் ஆபத்தில்லை. ஆனால் பொம்மை பயப்படாது. பாதி மலையாளத்திலும் பாதி இந்தியிலும் நெஞ்சுவலியை விவரிக்காது. அமீரக வார்டில் மாணவர் சந்திக்கப்போவது அப்படிப்பட்ட நோயாளியைத்தான். வார்டுக்குப் போகும் முன் கையைப் பழக்கும் இடம் லேப். வார்டுக்கு அது மாற்று ஆகாது.

4. "வளைகுடாவில் நோயாளியைத் தொடவே விடமாட்டார்கள்."

அமீரகப் பல்கலைக்கழகத்தின் அல் ஐன் மருத்துவக் கல்லூரியும், துபாயில் பெண்களுக்கென 1986-இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியும், அஜ்மானில் 1998-இல் தொடங்கிய கல்லூரியும் பல தலைமுறை மருத்துவர்களை உருவாக்கியுள்ளன. நோயாளியைத் தொடாமல் இது நடந்திருக்க முடியாது. ஆனால் நோயாளியின் சம்மதம் வேண்டும். பெண் நோயாளியை ஆண் மாணவர் பரிசோதித்தால் துணைக்கு ஒரு பெண் இருக்க வேண்டும். சென்னை அரசு மருத்துவமனையிலும் இதே ஒழுங்குதான் இருக்க வேண்டும். மறுக்கும் உரிமையைத் தடையாகப் பார்க்கிறவர், நோயாளியைப் பாடப்பொருளாக மட்டுமே பார்க்கிறார்.

5. "எங்கே செய்தாலும் பயிற்சி பயிற்சிதான்; மீதியை ஊரில் முடித்துக்கொள்ளலாம்."

அதிகச் சேதம் விளைவிப்பது இதுதான். கோடை விடுமுறையில் மருத்துவமனையில் நின்று பார்த்துவிட்டு வாங்கும் அப்சர்வர்ஷிப் சான்றிதழ் வேடிக்கை பார்த்ததற்கான சான்று, பயிற்சிக்கானதல்ல. இந்தியாவில் பதிவு பெற விரும்புவோர்க்குத் தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 நவம்பர் விதிகள் தெளிவாகவே உள்ளன: குறைந்தது 54 மாதப் படிப்பு, அதே வெளிநாட்டு நிறுவனத்தில் 12 மாத உள்ளுறைப் பயிற்சி, தகுதித் தேர்வு, பின் இந்தியாவில் மேற்பார்வையுடன் மீண்டும் 12 மாதம். வெளிநாட்டுப் படிப்பின், பயிற்சியின் எந்தப் பகுதியையும் இந்தியாவிலோ மூன்றாம் நாட்டிலோ செய்யக் கூடாது. "அப்புறம் பார்த்துக்கலாம்" என்னும் முகவர் கமிஷனோடு போய்விடுவார். பதிவு கிடைக்காமல் நிற்பது பிள்ளை.

ஆகவே கட்டணத்துக்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. கல்லூரியோடு இணைந்த மருத்துவமனை எது? ஒரு படுக்கையைச் சுற்றி எத்தனை மாணவர்கள் நிற்கிறார்கள்? லாக் புக்கில் கையெழுத்திடும் மருத்துவர் மாணவர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்கிறாரா? பதில் சொல்ல மழுப்பும் இடத்தில் முன்பணம் கட்டாதீர்கள். அரைகுறைப் பயிற்சியோடு வெளிவரும் மருத்துவரிடம் நாளை வைத்தியத்துக்குப் போகப்போவதும் நாம்தான்.