பன்னிரண்டு சுவிட்சுகளும் ஒரு பேய் சுவிட்சும்

"சார், நான் 7300தான் வெச்சேன். அது 7700ன்னு காட்டுது."

"சுவிட்சைச் சரியாகப் பார்த்து வைம்மா" என்றேன். மறுபடியும் வைத்தாள். மறுபடியும் 7700. "அவசரப்படாதே, வீட்டில் எழுதிப் பார்த்துவிட்டு வா" என்று சொல்லிவிட்டு அடுத்த மாணவனை அழைத்தேன். அவள் எதுவும் பேசாமல் போய் உட்கார்ந்துகொண்டாள். தவறு யாருடையது என்பது எனக்கு மூன்றாம் நாள்தான் புரிந்தது. அதைச் சொல்லுமுன் அந்தப் பலகை எது என்று சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து மேனார்ட் என்னும் ஊரில் இருந்த டிஜிட்டல் எக்யூப்மென்ட் கார்ப்பரேஷன், 1965-இல் பிடிபி-8 என்ற கணினியை வெளியிட்டது. விலை 18,000 டாலர். கணினி என்றால் ஓர் அறையையே அடைத்துக்கொள்ளும் என்றிருந்த காலத்தில் அது சிறியது, மலிவானது. 1968-இல் அதன் அடுத்த வடிவமான பிடிபி-8/ஐ வந்தது. அதன் முகப்பு முழுவதும் சிறு விளக்குகள்; அவற்றுக்குக் கீழே வரிசையாகச் சுவிட்சுகள். நினைவகத்தில் 4096 சொற்கள், ஒவ்வொரு சொல்லும் 12 பிட்.

சுவிட்சுகள் எதற்கு? நினைவகம் வெறுமையாக இருக்கும் கணினிக்குக் காகித நாடாவைப் படிக்கக்கூடத் தெரியாது. படிக்கக் கற்றுத்தரும் சிறு நிரலை, ஏறத்தாழ 16 சொற்களை, இயக்குபவர் தம் விரலாலேயே ஒவ்வொரு பிட்டாக உள்ளே வைக்க வேண்டும். அதன் பிறகுதான் டெலிடைப் கருவி நாடாவைப் படித்துப் பெரிய நிரல்களை ஏற்றும். காந்த வளைய நினைவகம் என்பதால் மின்சாரம் போனாலும் வைத்தது அழியாது என்பது ஓர் ஆறுதல்.

இந்தக் கணினியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள், அதாவது எமுலேட்டர், இன்று இலவசமாகக் கிடைக்கிறது. பாப் சுப்னிக் தொடங்கிய சிம்ஹெச் அவற்றில் புகழ்பெற்றது. ஆனால் அதில் எல்லாம் விசைப்பலகையில் தட்டும் எழுத்துகளாகவே நடக்கும். விளக்கும் இல்லை, சுவிட்சும் இல்லை. அந்தக் குறையைப் போக்க, சுவிட்சர்லாந்தில் வசிக்கும் ஆஸ்கர் வெர்மியூலன் என்பவர் பிடிபி-8/ஐ முகப்பின் மாதிரி ஒன்றை வடிவமைத்தார். பெயர் பைடிபி-8/ஐ. முன்னால் 89 எல்.இ.டி. விளக்குகளும் 26 சுவிட்சுகளும், பின்னால் ஒரு ராஸ்பெர்ரி பை, அதற்குள் சிம்ஹெச். மூலக் கணினியில் இருந்தவை இழை விளக்குகள் என்பதால், இழை சூடாகி மெல்ல ஒளிர்ந்து மெல்ல அணைவதைப் போலவே எல்.இ.டி.யையும் மங்கவைக்கும் மென்பொருளைக்கூடச் சிலர் எழுதியிருக்கிறார்கள். இந்த அளவு ஈடுபாடு எனக்குக் கொஞ்சம் மிகையாகத்தான் பட்டது.

என்னைக் கவர்ந்தது வேறு. 89 விளக்கும் 26 சுவிட்சும் சேர்ந்தால் 115. ராஸ்பெர்ரி பையில் பயன்படுத்தக்கூடிய முனைகளோ 26தான். அவற்றில் 23 முனைகளிலேயே இவ்வளவையும் அடக்கியிருக்கிறார்கள். 12 நிரல்கள், விளக்குக்கு 8 வரிசைகள், சுவிட்சுக்கு 3 வரிசைகள். கணிதத்தில் நாம் நடத்தும் அணிதான். ஒரு நேரத்தில் ஒரு வரிசையை மட்டும் இயக்கி, அடுத்ததற்குத் தாவி, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றி வருகிறது நிரல்.

என் 9-ஆம் வகுப்பு மாணவர்கள் இருநிலை எண்ணை 2-ஆல் வகுத்து மீதி எழுதும் வேலையாக மட்டுமே அறிந்திருந்தார்கள். அவர்களுக்காக இதன் எளிய வடிவம் ஒன்றைப் பள்ளியின் அறிவியல் மன்றத்தில் செய்தேன். ஒட்டுப்பலகையில் 12 டாகிள் சுவிட்சுகள், 12 எல்.இ.டி., நான்கு அழுத்து பொத்தான்கள்: முகவரி வை, உள்ளே போடு, எடுத்துக் காட்டு, ஓடு. விளக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு கிலோ ஓம் மின்தடை. (ராஸ்பெர்ரி பையின் முனைகள் 3.3 வோல்ட் மட்டுமே தாங்கும். 5 வோல்ட் பட்டால் பலகையே போய்விடும்.) முழு எமுலேட்டருக்குப் பதில், நான்கைந்து கட்டளைகள் மட்டும் அறிந்த ஒரு சிறு பைத்தான் நிரலை எழுதிக்கொண்டேன்.

சுவிட்சுகளை மூன்று மூன்றாகப் பிரித்து இரு வண்ணம் பூசினோம். ஒவ்வொரு மூன்றும் 8-ஐ அடிமானமாகக் கொண்ட ஓர் இலக்கம்: இடமிருந்து 4, 2, 1. மூன்றும் மேலே என்றால் 7. நடுவும் வலதும் மேலே என்றால் 3. தொடக்கப் பள்ளியில் மூன்று அட்டைகளைத் திருப்பியே இதைச் செய்துவிடலாம், மின்சாரமே தேவையில்லை.

முனைகளை மிச்சப்படுத்த, 12 சுவிட்சுகளை 4 வரிசை, 3 நிரலாக இணைத்தேன். ஓர் இலக்கத்துக்கு ஒரு வரிசை. ஒவ்வொரு சுவிட்சாக மேலே தூக்கிச் சோதித்தேன். எல்லாம் சரி. அந்தத் துணிவில்தான் வகுப்புக்குக் கொண்டுபோனேன்.

இரண்டையும் மூன்றையும் கூட்டும் நிரல் இது. இடப்பக்கம் முகவரி, வலப்பக்கம் வைக்க வேண்டிய சொல்:

0200 – 7300 (திரட்டியைத் துடை)
0201 – 1205 (0205-இல் உள்ளதைக் கூட்டு)
0202 – 1206 (0206-இல் உள்ளதைக் கூட்டு)
0203 – 3207 (விடையை 0207-இல் வை)
0204 – 7402 (நில்)
0205 – 0002
0206 – 0003

முதல் சொல்லிலேயே அந்த மாணவி மாட்டிக்கொண்டாள். 7300, 7700 ஆனது.

மறுநாள் மதிய இடைவேளையில் அவளும் இரு தோழியரும் பலகையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் ஒரு நோட்டை நீட்டினாள். 7000 வைத்தால் 7000. 0007 வைத்தால் 0007. 7700 வைத்தால் 7700. ஆனால் 7300 வைத்தால் 7700. 1300 வைத்தால் 3300. கீழே நான்கு வரிசை, மூன்று நிரலில் கட்டம் போட்டு, தூக்கிய சுவிட்சுகளை வட்டமிட்டிருந்தார்கள். "ஒரு செவ்வகத்தோட மூணு மூலை மேல இருந்தா, நாலாவது மூலையும் தானா எரியுது சார். நாங்க அதுக்குப் பேய் சுவிட்ச்னு பேர் வெச்சிருக்கோம்."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. 1300-ஐ எடுத்துக்கொள்வோம். முதல் வரிசையை இயக்கும்போது மின்னோட்டம் அங்குள்ள '1' சுவிட்ச் வழியாக வலது நிரலுக்கு இறங்குகிறது. அங்கே நிற்காமல், இரண்டாம் வரிசையின் '1' சுவிட்ச் மூடியிருப்பதால் பின்னோக்கி அந்த வரிசைக்குள் ஏறி, அதன் '2' சுவிட்ச் வழியாக நடு நிரலுக்கு வந்துவிடுகிறது. முதல் வரிசையின் '2' சுவிட்சும் மேலே இருப்பதாக நிரல் நம்புகிறது. ஒவ்வொரு சுவிட்சோடும் ஒரு டையோடு போட்டால் இந்தப் பின்வழி அடைபடும். மூல வடிவமைப்பில் டையோடுகள் இருக்கத்தான் செய்தன. 12 சுவிட்சுக்கு எதற்கு என்று நான்தான் விட்டுவிட்டேன். தனித்தனியாகச் சோதித்தபோது மூன்று மூலைகள் ஒருமுறையும் சேரவில்லை.

அவளை நிறுத்தி வைத்துப் பேசிய அதே வகுப்பில், "அன்று நீ வைத்தது சரி, என் வயரிங்தான் தப்பு" என்று சொன்னேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். 1என்4148 என்ற டையோடு ஓரிரு ரூபாய்தான். சனிக்கிழமை 12 டையோடுகளையும் அவர்கள் மூவருமே பற்றவைத்தார்கள். கருப்புக் கோடுகள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கின்றனவா என்று சரிபார்த்தது மட்டும் என் வேலை.

திங்களன்று 7300, 7300 ஆகவே வந்தது. ஏழு சொற்களையும் வைத்து 'ஓடு' பொத்தானை அழுத்தினாள். எல்லா விளக்குகளும் அணைந்தன. "செத்துப்போச்சு சார்" என்றான் பின்வரிசைப் பையன். அவள் நோட்டைப் பார்த்தாள். 3207 விடையை நினைவகத்தில் வைத்துவிட்டுத் திரட்டியைத் துடைத்துவிடும் கட்டளை; பலகை காட்டியது வெறுமையான திரட்டியை. சுவிட்சில் 0207 வைத்து, முகவரிப் பொத்தானை அழுத்தி, 'எடுத்துக் காட்டு' என்பதை அழுத்தினாள். கடைசி மூன்று விளக்குகளில் ஓரத்து இரண்டும் எரிந்தன, நடுவிளக்கு எரியவில்லை. ஐந்து.

இப்போது 7777-உடன் 1-ஐக் கூட்டினால் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறார்கள். பிடிபி-8-இல் அதற்காகவே 'லிங்க்' என்று பதின்மூன்றாவது பிட் ஒன்று உண்டு. எங்கள் பலகையில் அதற்கு விளக்கு இல்லை. ராஸ்பெர்ரி பையில் இன்னும் மூன்று முனைகள் மீதம் இருக்கின்றன. வரும் சனிக்கிழமை ஒரு துளை போட வேண்டும்.