பணம் கட்டும் இடத்தில் திரும்பிப் போகிறார்கள்

நம் குழுக்களின் ஊறுகாயும் பொடியும் இப்போது இணையத்திலும் விற்பனைக்கு இருக்கின்றன. பார்ப்பவர் நிறைய, பணம் கட்டுபவர் குறைவு. இது நமக்கு மட்டும் இல்லை. இணையக் கடையில் பொருளைத் தேர்ந்தெடுக்கும் பத்துப் பேரில் ஏழு பேர் வாங்காமலே போகிறார்கள் என்கிறது டென்மார்க்கின் பேமார்ட் ஆய்வு நிறுவனம்.

முக்கியக் காரணம், கடைசியில் ஏறும் செலவு. இட்லிப் பொடி 100 ரூபாய் என்று போட்டுவிட்டு, முடிவில் கூரியருக்கு 60 ரூபாய் சேர்த்தால் யாருக்கு மனசு வரும்? சந்தையில் பேசின விலைக்கு மேலே கேட்டால் நாமே கூடையை வைத்துவிட்டு வந்துவிடுவோம். ஆகவே கூரியர் செலவை விலைக்குப் பக்கத்திலேயே போடச் சொல்லுங்கள். மூன்று பாக்கெட் சேர்த்து ஒரு கட்டாக விற்றால் அந்தச் செலவும் அவ்வளவு உறுத்தாது.

பாஸ்வேர்டு போட்டுக் கணக்குத் தொடங்கு என்று கேட்கவே வேண்டாம். பெயர், முகவரி, பின்கோடு, செல் நம்பர் போதும். யுபிஐ வசதி கட்டாயம் வேண்டும். பணம் போய்ப் பொருள் வராவிட்டால் யாரைக் கேட்பது என்ற பயம் வாங்குபவருக்கு உண்டு. குழுவின் போன் நம்பர் அதே பக்கத்தில் இருக்கட்டும். (பணம் வாங்க நாம் யுபிஐ ரகசிய எண் போடத் தேவையில்லை. யாராவது போடச் சொன்னால் போனை வைத்துவிடுங்கள்.)

அடுத்த கூட்டத்துக்குள், இணையத்தில் வாங்கிப் பழகாத ஒருவரை ஆர்டர் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள். எங்கே தடுமாறுகிறார் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி வாருங்கள்.