எம்.எஸ். அல்ல, அதன் சாயல்

கேள்வி: என் அத்தை மகளுக்கு முதலில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) என்றார்கள். ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு, அது நியூரோமைலிடிஸ் ஆப்டிகா என்ற வேறு நோய் என்கிறார்கள். ரத்தம் எப்படி இதைச் சொல்லும்?

பதில்: இதற்கு வாண்டா லெனன் என்ற ஆராய்ச்சியாளரைத்தான் கேட்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் பிறந்தவர், அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பணியாற்றியவர். கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் நியூரோமைலிடிஸ் ஆப்டிகாவை, பிரெஞ்சு மருத்துவர் டெவிக் 1894லேயே விவரித்திருந்தார். ஆனாலும் அது எம்.எஸ்.ஸின் ஒரு வகைதான் என்றே பலரும் நெடுங்காலம் நினைத்தார்கள்.

லெனன் குழு, இந்த நோயாளிகளின் ரத்தநீரை எலி மூளைத் துண்டுகளின் மேல் விட்டுப் பார்த்தது. ரத்தநீரில் இருந்த ஓர் எதிர்ப்பொருள், நுண்ணிய ரத்தக்குழாய்களை ஒட்டித் தனி வடிவில் படிந்தது. 2004இல் அந்த எதிர்ப்பொருளை அறிவித்தார்கள். மறு ஆண்டே அதன் இலக்கையும் பிடித்தார்கள்: அக்வாபோரின்-4. செல்லுக்குள் தண்ணீர் போய்வரும் வாசல் அது. (அக்வாபோரினைக் கண்டுபிடித்ததற்கு 2003இல்தான் பீட்டர் ஆக்ரி நோபல் வாங்கியிருந்தார். நல்ல நேரப் பொருத்தம்!)

பெயர் மாறியதில் என்ன இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். எம்.எஸ்.ஸுக்குத் தரும் பீட்டா இன்டர்ஃபெரான், இந்த நோயை மோசமாக்கக்கூடும். முதலில் தொடங்கிய மருந்தைத் தொடரலாமா என்பதை நரம்பியல் மருத்துவரிடம் உடனே கேட்கச் சொல்லுங்கள்.