ஓரியன் நெபுலாவை நம்ம கேமராவில் பிடிப்பது எப்படி?

சிவப்பும் ஊதாவுமாக ஒளிரும் நெபுலா படத்தை யாராவது ஸ்டேட்டஸில் போட்டால், உடனே இரண்டு கேள்வி வரும். "இது நிஜமா, இல்ல ஃபோட்டோஷாப்பா?" என்பது முதல் கேள்வி. "இதெல்லாம் நாசா மாதிரி ஆளுங்க எடுக்கிறது, நம்மால முடியுமா?" என்பது இரண்டாவது. இரண்டுக்கும் பதிலைச் சும்மா நம்ப வேண்டாம். டிபார்ட்மென்ட்டில் யாரிடமாவது இருக்கும் ஒரு சாதாரண டி.எஸ்.எல்.ஆர், ஒரு சிறிய தொலைநோக்கி, கொஞ்சம் கணக்கு, நிறையப் பொறுமை. இவ்வளவு இருந்தால் நாமே எடுத்துச் சரிபார்க்கலாம். வாங்க, படிப்படியாகப் பார்ப்போம்.

எதை எடுக்கப் போகிறோம்?

முதல் முயற்சிக்கு ஓரியன் நெபுலாதான் சரி. மெஸ்ஸியர் பட்டியலில் 42-வது பொருள் என்பதால் எம் 42 என்றும் சொல்வார்கள். சுமார் 1,340 ஒளியாண்டு தூரத்தில், புதிய நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கும் வாயுமேகம் இது. இன்று உங்கள் சென்சாரில் விழும் ஒளி, காஞ்சியைப் பல்லவர்கள் ஆண்ட காலத்தில் அங்கிருந்து கிளம்பியது.

கண்டுபிடிப்பது சுலபம். ஒரே வரிசையில் சம இடைவெளியில் மூன்று நட்சத்திரங்கள் தெரியுமே, அதுதான் ஓரியனின் இடுப்புப்பட்டை. அதற்கு ஒரு பக்கம் செந்நிறத்தில் மின்னுவது நம் ஊரில் திருவாதிரை என்று சொல்லும் நட்சத்திரம். பட்டைக்கு மறுபக்கம் தொங்கும் சிறிய 'வாள்' பகுதியில், நடுவில் பனி படிந்த மாதிரி மங்கலாகத் தெரிவதுதான் நம்ம ஆள். வானில் அதன் அகலம் சுமார் 1 டிகிரி, அதாவது முழுநிலவைப் போல இரண்டு மடங்கு.

இதில் நமக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கு. லண்டனில் இருப்பவருக்கு இந்த நெபுலா அதிகபட்சம் 33 டிகிரி உயரம்தான் ஏறும். சென்னையில் 72 டிகிரி வரை ஏறும். உயரே போகப்போக ஒளி கடக்க வேண்டிய காற்றின் தடிமன் குறையும், படம் தெளிவாகும்.

எப்போது எடுக்கலாம்? டிசம்பர் நடுவில் நள்ளிரவு வாக்கிலும், ஜனவரி நடுவில் இரவு 10 மணி வாக்கிலும், பிப்ரவரி நடுவில் 8 மணி வாக்கிலும் அது உச்சத்தில் இருக்கும். டிசம்பரை வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் காலி பண்ணிவிடும். அதனால் நமக்கு ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் அமாவாசையை ஒட்டிய நாட்கள்தான் சீசன்.

1 வினாடியில் 9 பிக்சல்

முதல் வில்லன் பூமியின் சுழற்சி. வானம் 1 வினாடிக்கு சுமார் 15 ஆர்க்செகண்ட் நகர்கிறது. 1 டிகிரி என்பது 3,600 ஆர்க்செகண்ட். இந்த நகர்வு உங்கள் கேமராவில் எவ்வளவு தெரியும் என்று கண்டுபிடிக்க ஒரே ஒரு சூத்திரம் போதும்:

ஒரு பிக்சல் பார்க்கும் கோணம் = 206 × பிக்சல் அளவு ÷ குவியத்தூரம்

பிக்சல் அளவு மைக்ரானில், குவியத்தூரம் மில்லிமீட்டரில், விடை ஆர்க்செகண்டில். நம்ம ஊரில் பலரிடம் இருக்கும் கேனன் 1500டி-யின் பிக்சல் அளவு சுமார் 3.7 மைக்ரான். அதை 480 மி.மீ. குவியத்தூரமுள்ள 80 மி.மீ. தொலைநோக்கியில் மாட்டினால், ஒரு பிக்சல் 1.6 ஆர்க்செகண்ட் பார்க்கும். அப்படியென்றால் ஒரு நட்சத்திரம் 1 வினாடியிலேயே 9 பிக்சல் தாண்டிவிடும். நமக்கோ 30, 60 வினாடி எக்ஸ்போஷர் வேண்டும். சாதாரண ட்ரைபாடில் வைத்தால் நட்சத்திரம் எல்லாம் கோடுதான்.

அதனால் பட்ஜெட்டில் முதல் ஒதுக்கீடு தொலைநோக்கிக்கு அல்ல, மவுண்ட்டுக்கு. பூமியின் அச்சுக்கு இணையாக ஒரு அச்சை வைத்து, மோட்டார் மூலம் அதைப் பூமிக்கு எதிர்த்திசையில் அதே வேகத்தில் சுழற்றும் ஈக்வடோரியல் மவுண்ட்தான் இந்த வேலையின் முதுகெலும்பு. சுமாரான தொலைநோக்கியும் உறுதியான மவுண்ட்டும் சேர்ந்தால் படம் கிடைக்கும். மாற்றி அமைந்தால் தலைவலிதான் கிடைக்கும்.

துருவ நட்சத்திரம் கட்டடத்துக்குப் பின்னால்

மவுண்ட்டின் அச்சை வானத்தின் வட துருவத்தை நோக்கித் திருப்ப வேண்டும். யூடியூபில் எல்லோரும் "துருவ நட்சத்திரத்தைப் பாருங்க, முடிஞ்சது" என்பார்கள். நம் ஊரில் அங்கேதான் சிக்கல். துருவ நட்சத்திரத்தின் உயரம் ஏறக்குறைய நம் அட்சரேகைக்குச் சமம். சென்னையில் 13 டிகிரி, கன்னியாகுமரியில் 8 டிகிரி. எதிர்வீட்டு மாடியோ தென்னை மரமோ போதும், மறைத்துவிடும். அடிவானத் தூசியில் மங்கியும் போகும்.

தெரிந்தாலும் அது சரியாகத் துருவத்தில் இல்லை, சுமார் 0.6 டிகிரி தள்ளி இருக்கிறது. இது எவ்வளவு பாதிக்கும்? அச்சில் 1 டிகிரி பிழை இருந்தால் நட்சத்திரம் 1 நிமிடத்தில் அதிகபட்சம் 16 ஆர்க்செகண்ட் விலகும். நம்ம செட்டப்பில் அது 10 பிக்சல். பிழையை 5 ஆர்க்மினிட்டுக்குக் குறைத்தால் விலகல் ஒரு பிக்சலுக்குள் அடங்கிவிடும்.

துருவம் தெரியாத இடத்தில் இரண்டு வழி. பழைய வழி 'டிரிஃப்ட்' முறை. உச்சிக்கோட்டில் தெற்கே உள்ள ஒரு நட்சத்திரத்தைச் சில நிமிடம் கவனித்தால், அது வடக்கு-தெற்காக நகர்வதை வைத்து அச்சின் இடவல பிழையைத் திருத்தலாம். கிழக்கே உள்ள நட்சத்திரத்தைக் கவனித்து உயரப் பிழையைத் திருத்தலாம். புதிய வழி, லேப்டாப்பில் கேமராவை இணைத்து, நினா போன்ற இலவச மென்பொருளில் வானத்தின் மூன்று இடங்களைப் படமெடுப்பது. நட்சத்திர அமைப்பை வைத்து அதுவே பிழையைக் கணக்கிட்டுச் சொல்லும்.

வாங்குவதற்கு முன் இன்னொன்றையும் பாருங்க. சில மவுண்ட்கள் ஐரோப்பிய, அமெரிக்க அட்சரேகைகளை மனதில் வைத்து செய்யப்பட்டவை. 10 டிகிரிக்கு அச்சைத் தாழ்த்தினால் எதிர்எடைக் கம்பி ட்ரைபாட் காலில் இடிக்கும். "எத்தனை டிகிரி வரைக்கும் இறங்கும்?" என்று கேட்டுவிட்டு வாங்குங்க.

கேமராவை மாட்டுவது, ஃபோகஸ் செய்வது

லென்ஸைக் கழற்றிவிட்டு, டி-ரிங் என்ற வளையம் மூலம் கேமராவை நேராகத் தொலைநோக்கியில் மாட்ட வேண்டும். அப்போது தொலைநோக்கிதான் உங்கள் லென்ஸ். நியூட்டோனியன் வகை வாங்குபவர்கள் கவனம்: கண்ணால் பார்க்க மட்டும் வடிவமைத்த பல மாடல்களில் குவியப்புள்ளி கேமராவின் சென்சார் வரை எட்டாது. எவ்வளவு திருகினாலும் ஃபோகஸ் ஆகாது.

ஃபோகஸுக்கு ஒரு பிரகாசமான நட்சத்திரத்தை லைவ் வியூவில் 10 மடங்கு பெரிதாக்கிப் பாருங்க. இதற்கென்றே பாக்தினோவ் மாஸ்க் என்று ஒரு தகடு இருக்கு. மூன்று திசைகளில் கோடு கோடாக வெட்டிய ஒரு வட்டம், அவ்வளவுதான். தொலைநோக்கி முன் வைத்தால் நட்சத்திரத்தில் மூன்று ஒளிக்கீற்று தெரியும். நடுக்கீற்று மற்ற இரண்டும் வெட்டும் புள்ளியில் சரியாக நின்றால் ஃபோகஸ் பக்கா. கல்லூரி லேபில் லேசர் கட்டரோ 3டி பிரின்டரோ இருந்தால் ஒரு மதியத்தில் செய்துவிடலாம். படம் எடுக்கும் முன் மாஸ்க்கை எடுத்துவிடணும்.

சிவப்பு எங்கே போச்சு?

நெபுலாவின் சிவப்பு, ஹைட்ரஜன் அணு வெளியிடும் 656.3 நானோமீட்டர் அலைநீள ஒளி. அகச்சிவப்பைத் தடுக்க சென்சார் முன்னால் இருக்கும் வடிகட்டி, பெரும்பாலான டி.எஸ்.எல்.ஆர்-களில் இந்தச் சிவப்பிலும் சுமார் கால் பங்கைத்தான் உள்ளே விடும். அந்த வடிகட்டியை மாற்றிய கேமராக்கள் உண்டு. கேனன் 60டிஏ, நிகான் டி810ஏ போன்றவை நிறுவனமே வானியலுக்காக வெளியிட்டவை. ஆனால் ஓரியனுக்கு அது கட்டாயமில்லை. அது அவ்வளவு பிரகாசம். குதிரைத்தலை நெபுலா மாதிரி மங்கலானவற்றுக்குப் போகும்போது யோசித்துக்கொள்ளலாம்.

ஒரு படம் போதாது, நூறு படம் வேண்டும்

இதுதான் கட்டுரையின் இதயம். மூன்றாம் செமஸ்டரில் ப்ராபபிலிட்டி பேப்பரில் படித்த பாய்சான் பரவலுக்கு இங்கேதான் வேலை. ஃபோட்டான்கள் ஒழுங்கான இடைவெளியில் வருவதில்லை. சராசரியாக 100 வர வேண்டிய இடத்தில், அதன் வர்க்கமூலம் அளவு, அதாவது சுமார் 10, கூடியும் குறைந்தும் வரும். அந்த ஏற்ற இறக்கம்தான் படத்தில் தெரியும் புள்ளிப்புள்ளியான இரைச்சல்.

ஒரு உதாரணக் கணக்கு. நெபுலாவின் மங்கலான ஓரத்தில் இருந்து ஒரு பிக்சலுக்கு ஒரு படத்தில் 20 ஃபோட்டான் வருகிறது, நகரத்தின் தெருவிளக்கு ஒளியால் வானத்தில் இருந்து 180 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 200, இரைச்சல் அதன் வர்க்கமூலம் 14. நமக்கு வேண்டிய சிக்னல் 20. விகிதம் 1.4 மட்டுமே. ஓரம் இருக்கா இல்லையா என்றே தெரியாது. இதே போல 100 படம் எடுத்துச் சராசரி எடுத்தால், சிக்னல் அப்படியே இருக்கும், இரைச்சல் 10 மடங்கு குறையும். விகிதம் 14 ஆகிவிடும். மறைந்திருந்த இழைகள் மெல்ல வெளியே வரும்.

இப்போது அதே கேமராவோடு ஒரு இருண்ட கிராமத்துக்குப் போகிறோம். வான ஒளி 180-ல் இருந்து 20 ஆகிறது. மொத்தம் 40, இரைச்சல் 6.3, விகிதம் 3.2. நகரத்தில் 100 படம் எடுத்துக் கிடைத்த தரம், இங்கே 20 படத்திலேயே கிடைத்துவிடும். ஜவ்வாது மலையில் காவலூரில் வைணு பாப்பு வான் ஆய்வகத்தை அமைத்ததில் இருட்டுக்கும் பங்கு உண்டு. புதுத் தொலைநோக்கிக்குப் பணம் சேர்க்கும் முன், ஒரு பஸ் டிக்கெட்டுக்குச் சேர்ப்பது லாபம்.

செட்டிங்ஸ்: ரா ஃபார்மட் மட்டும், ஏனென்றால் ஜேபெக்கில் 256 படிநிலைதான், 14 பிட் ரா-வில் 16,384. ஐ.எஸ்.ஓ 800 அல்லது 1600. ஐ.எஸ்.ஓ-வைக் கூட்டினால் ஒளி கூடாது, பெருக்கம்தான் கூடும். ஹிஸ்டோகிராம் மேடு இடமிருந்து கால் பங்கு தூரத்தில் இருக்கிற மாதிரி எக்ஸ்போஷர் நேரத்தை வையுங்கள். நெபுலாவின் மையத்தில் உள்ள டிரப்பீசியம் நட்சத்திரங்கள் வெளுத்துப் போய்விடும் என்பதால், 5 வினாடிப் படங்கள் ஒரு 30 தனியாக எடுத்து வைத்துக்கொண்டால் பிறகு இரண்டையும் இணைக்கலாம்.

கூடவே மூன்று வகை துணைப்படங்கள் தேவை. மூடியை மூடி, அதே நேரம், அதே ஐ.எஸ்.ஓ, அதே வெப்பநிலையில் எடுப்பது டார்க். நம் ஊர் சூட்டில் சென்சாரின் வெப்ப இரைச்சல் அதிகம் என்பதால் இதை அன்றைக்கே, அங்கேயே எடுப்பது நல்லது. தொலைநோக்கி வாயில் வெள்ளை டி-ஷர்ட்டை இறுக்கிக் கட்டி, சீரான வெளிச்சத்தில் எடுப்பது ஃபிளாட். தூசியையும் ஓர இருட்டையும் இது நீக்கும். மூடியோடு மிகக் குறைந்த ஷட்டர் நேரத்தில் எடுப்பது பயாஸ். எல்லாவற்றையும் சிரில் அல்லது டீப்ஸ்கைஸ்டாக்கர் மென்பொருளில் கொடுத்தால், அடுக்கிச் சராசரி எடுத்துத் தரும். இரண்டுமே இலவசம்.

அப்போ இது நிஜமா?

அடுக்கி வந்த படத்தைத் திறந்தால் கிட்டத்தட்ட கறுப்பாக இருக்கும். பயப்பட வேண்டாம். தகவல் எல்லாம் இருண்ட மூலையில் நெருக்கிக்கொண்டு இருக்கு. அதை விரித்துக் காட்டுவதுதான் 'ஸ்ட்ரெட்ச்'. இந்த இடத்தில்தான் "ஃபோட்டோஷாப்" என்ற சந்தேகம் வருகிறது. நியாயமான சந்தேகம்தான்.

1880 செப்டம்பர் 30 அன்று ஹென்றி டிரேப்பர் என்ற அமெரிக்கர், 11 அங்குலத் தொலைநோக்கியில் 51 நிமிட எக்ஸ்போஷரில் இதே ஓரியன் நெபுலாவைப் படமெடுத்தார். ஒரு நெபுலாவின் முதல் புகைப்படம் அதுதான். அதுவரை கண்ணால் பார்த்துக் கையால்தான் வரைந்தார்கள். ஒருவர் வரைந்தது இன்னொருவர் வரைந்ததோடு ஒத்துப்போகாது. நெபுலா மாறியதா, வரைந்த கை மாறியதா என்று சொல்ல முடியாது. கேமரா வந்த பிறகு அது அளவீடு ஆனது. நாம் எடுப்பதும் ஒரு அளவீடுதான் என்று நினைத்தால் எது சரி, எது தப்பு என்பது தானாகத் தெளிவாகும். எல்லாப் பிக்சலுக்கும் ஒரே விதியில் ஒளியைக் கூட்டலாம், நிறச் சமநிலை செய்யலாம். ஆனால் அங்கே இல்லாத இழையைத் தூரிகையால் வரைவதும், மென்பொருள் கற்பனை செய்த விவரத்தை ஒட்டுவதும் அளவீடு ஆகாது.

சந்தேகம் வந்தால் ஒரு சோதனை செய்யலாம். 100 படங்களை ஒற்றைப்படை எண், இரட்டைப்படை எண் என்று இரண்டு குவியலாகப் பிரித்துத் தனித்தனியாக அடுக்குங்க. இரண்டிலும் ஒரே இடத்தில் தெரியும் இழை பெரும்பாலும் நிஜம். ஒன்றில் மட்டும் தெரிந்தால் அது இரைச்சல். நண்பர் "ஃபேக்" என்று சொன்னால் வாதம் பண்ணாமல் இரண்டு படத்தையும் அனுப்பிவிடலாம்.

தொலைநோக்கி இல்லையா? இன்றைக்கே தொடங்கலாம்

50 மி.மீ. லென்ஸும் சாதாரண ட்ரைபாடும் போதும். மேலே சொன்ன சூத்திரத்தில் போட்டால் ஒரு பிக்சல் 15 ஆர்க்செகண்ட் பார்க்கும். 3 வினாடிக்கு நட்சத்திரம் 3 பிக்சல்தான் நகரும், அது பரவாயில்லை. எஃப் 2.8, ஐ.எஸ்.ஓ 1600, 3 வினாடி, 300 படங்கள். மொத்தம் 15 நிமிட ஒளி. சில நிமிடத்துக்கு ஒருமுறை கேமராவைத் திருப்பி ஓரியனை நடுவில் கொண்டுவாங்க. அடுக்கினால், நெபுலா சுமார் 240 பிக்சல் அகலத்தில் இளஞ்சிவப்பாக வந்து நிற்கும். சின்னதுதான். ஆனால் அந்த ஒளியைப் பிடித்தது உங்கள் கேமரா, இரைச்சலில் இருந்து பிரித்தது உங்கள் கணக்கு. ஜனவரி அமாவாசைக்குள் ஒரு கேமராவை யாரிடமாவது பேசி வையுங்கள்.