ஃபார்மட் செய்யவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்

பழைய சிடி, டிவிடிகளிலிருந்து படத்தையும் எழுத்தையும் மீட்கும் வேலைக்கு இப்போது இளம்பிள்ளைகள் வருகிறார்கள். சிலர் ஸ்டுடியோவில், சிலர் நூலகத்தில், பலர் சொந்த வீட்டு அலமாரியில் ஆரம்பிக்கிறார்கள். கீறல் விழுந்த டிஸ்க்கைவிட, பளபளவென்று இருந்தும் திறக்காத டிஸ்க்தான் அவர்களைப் படுத்துகிறது. தம்பி தங்கைகளுக்கு என் கைப்பழக்கத்திலிருந்து சில வார்த்தைகள். முதல் நான்கை மட்டும் வரிசை மாற்றாமல் செய்யுங்கள்.

1. டிஸ்க்கைப் போட்டதும் விண்டோஸ் "ஃபார்மட் செய்யவா?" என்று கேட்டால் கேன்சலை அழுத்துங்கள். டிஸ்க் காலியாக இருந்தாலும் அது அப்படித்தான் கேட்கும். உள்ளே இருப்பதை அதற்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் அப்படித்தான் கேட்கும். ஆர்டபிள்யூ வகை டிஸ்க்கில் நீங்கள் ஓகே கொடுத்தால் இருந்ததும் போய்விடும். ஒருமுறை மட்டும் எழுதும் ஆர் வகையில் பழையது அழியாது. ஆனால் ஃபைனலைஸ் செய்து மூடாமல் விட்ட டிஸ்க் என்றால், மிச்ச இடத்தில் புதிதாக எதையாவது எழுதிப் பழையதை மறைத்துவிடும்.

2. டிஸ்க்கை வெளியே எடுத்துத் திருப்பி, டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடியுங்கள். எழுதும் வகை டிஸ்க்குகளில் எழுதிய பகுதியும் எழுதாத பகுதியும் ஒரே சாயலில் இருக்காது. எழுத்து நடுத்துளைப் பக்கம் தொடங்கி வெளிப்பக்கமாகப் போகும். அதனால் உள்ளே ஒரு வளையம் சற்றுக் கறுத்தோ வெளுத்தோ தெரிந்து, ஓரிடத்தில் கோடு போட்டாற்போல நிற்கும். கோடு தெரிந்தால் டிஸ்க்கில் விஷயம் இருக்கிறது. கம்ப்யூட்டர் பூஜ்யம் பைட் என்று காட்டினாலும் கவலை வேண்டாம். வெள்ளி நிறமாக இருந்தால் பெரும்பாலும் தொழிற்சாலையில் அச்சடித்தது. பச்சை, நீலம், தங்க நிறம் என்றால் சிடி-ஆர். ஊதா என்றால் டிவிடி-ஆர். துடைக்க வேண்டியிருந்தால் நடுவிலிருந்து வெளியே நேர்கோட்டில் துடையுங்கள், சுற்றிச் சுற்றித் துடைக்காதீர்கள். சிடியில் லேபிள் பக்கத்துக்கு இன்னும் அதிக மரியாதை வேண்டும். 1.2 மி.மீ. தடிமனில் தகவல் அடுக்கு லேபிளுக்கு அடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. பழைய ஸ்டிக்கரை உரிக்கப்போய் டிஸ்க்கையே உரித்தவர்கள் உண்டு.

3. கொண்டுவந்தவரைக் கேளுங்கள். எந்த வருஷம் எழுதியது, கேமராவிலா, மேக்கிலா, டிவியோடு சேர்ந்த ரெக்கார்டரிலா? "பென் டிரைவ் மாதிரி இழுத்துப் போடுவோம்" என்று சொன்னால் பாதி விடை கிடைத்துவிட்டது. பத்து மென்பொருளைப் போட்டுப் பார்ப்பதைவிட இந்த ஐந்து நிமிடப் பேச்சு மேல்.

4. படிக்க முடிகிறதோ இல்லையோ, முதலில் முழு டிஸ்க்கையும் ஒரே ஃபைலாக, இமேஜாக எடுத்துவிடுங்கள். டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் முறையான ஃபைல் சிஸ்டம் புரியாத கம்ப்யூட்டரும் செக்டர்களை வரிசையாகப் படித்துக்கொண்டு போகும். பிறகு டிஸ்க்கை உறையில் போட்டுவிட்டு, உங்கள் சோதனைகளையெல்லாம் இமேஜில் செய்யுங்கள். நைந்த டிஸ்க்குக்கு லினக்ஸில் டிடிரெஸ்க்யூ நல்லது. படிக்க முடிந்த இடத்தையும் முடியாத இடத்தையும் ஒரு குறிப்பு ஃபைலில் எழுதிக்கொள்ளும். அதே குறிப்பை வைத்துக்கொண்டு வேறொரு டிரைவில் தொடரலாம். ஒரு டிரைவ் விட்ட செக்டரை இன்னொன்று எடுக்கும். அதனால் பழைய டெஸ்க்டாப் டிரைவ்களைப் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். மூடாத டிஸ்க்குக்கு வெறும் படிக்கும் டிரைவைவிட எழுதும் டிரைவ்தான் கைகொடுக்கும்.

5. இது தேய்மானமா, மொழி தெரியாத குழப்பமா என்று டிரைவின் சத்தமே பாதி சொல்லிவிடும். சுற்றி, நின்று, திரும்பச் சுற்றி, டக்டக்கென்று அடித்துக்கொண்டு நிமிடக்கணக்கில் திணறினால் டிஸ்க்கின் உடம்பில் கோளாறு. நிதானமாகச் சுற்றி, உடனே "தெரியவில்லை" என்று கைவிரித்தால் பெரும்பாலும் ஃபைல் சிஸ்டம்தான்.

6. இப்போது இமேஜைத் திறந்து பார்க்கலாம். ஹெக்ஸ் வியூவர் என்று இலவசமாகக் கிடைக்கும் எதுவும் போதும். ஐஎஸ்ஓ 9660 என்ற ஃபைல் சிஸ்டத்தில் முதல் 16 செக்டர்கள், அதாவது 32,768 பைட்டுகள், ஒதுக்கிவிடப்பட்டவை. அடுத்த பைட்டைத் தாண்டியதும் சி, டி, 0, 0, 1 என்று ஐந்து எழுத்து தெரிந்தால் அது ஐஎஸ்ஓ. அதற்குப் பக்கத்துச் செக்டர்களில் என், எஸ், ஆர் என்று தொடங்கி 02 என்று முடிந்தால் யூடிஎஃப் என்ற இன்னொரு ஃபைல் சிஸ்டத்தின் 1-வரிசைப் பதிப்பு, 03 என்று முடிந்தால் 2-வரிசைப் பதிப்பு. டிஸ்க்கின் முதல் செக்டரிலேயே இ, ஆர் என்று இருந்தால் ஆப்பிள்காரர் எழுதியது. விண்டோஸ் வாயே திறக்காத டிஸ்க் இப்படி இரண்டு எழுத்தில் தன் ஊரைச் சொல்லிவிடும்.

7. ஃபைல் சிஸ்டம் குடும்பங்களைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். 1985-இல் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் அமெரிக்காவில் டாஹோ ஏரிக்கரையில் ஹை சியரா என்ற சூதாட்ட விடுதியில் கூடிப் பேசினார்கள். அங்கே பிறந்ததுதான் 1988-இல் ஐஎஸ்ஓ 9660 ஆனது. எல்லா இயந்திரமும் படிக்க வேண்டும் என்பதற்காகப் பெயரைக் குறுக்கினார்கள். அதன் முதல் நிலையில் எட்டு எழுத்து, புள்ளி, மூன்று எழுத்து, எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்து. இந்தக் குறுகலைச் சமாளிக்க யூனிக்ஸ்காரர்கள் ராக் ரிட்ஜையும், 1995-இல் மைக்ரோசாஃப்ட் ஜோலியட்டையும் கொண்டுவந்தார்கள்.

கவனிக்க வேண்டியது, ஒரே டிஸ்க்கில் இவை இரண்டு மூன்று சேர்ந்தே இருக்கலாம். தகவல் ஒன்றுதான், அதைச் சுட்டும் பட்டியல்கள் வேறு வேறு. ஃபைல் பெயர்கள் வெட்டுப்பட்டு மொட்டையாகத் தெரிந்தால் தவறான பட்டியலில் நிற்கிறீர்கள். ராக் ரிட்ஜை, ஜோலியட்டைத் தனித்தனியே நிறுத்திப் பார்க்க லினக்ஸ் விடும். ஜோலியட்டில் தமிழ்ப் பெயரும் நிற்கும், ஆனால் அளவு 64 குறியீடு. 'திருமணம்' என்பது நமக்கு ஐந்து எழுத்து. கொம்பு, சுழி, புள்ளி எல்லாவற்றையும் தனியாக எண்ணும் கம்ப்யூட்டருக்கு எட்டு. நீளமான தமிழ்ப் பெயர்கள் பாதியில் அறுந்து நிற்பதற்கு இதுவே காரணம்.

8. மேக் டிஸ்க் தனிக் கதை. ஆப்பிளின் ஹெச்எஃப்எஸ் 1985-இல் வந்தது. தொண்ணூறுகளின் மல்டிமீடியா சிடிகள் பலவற்றில் ஒரு பாதி ஐஎஸ்ஓ, மறு பாதி ஹெச்எஃப்எஸ். விண்டோஸ் தன் பாதியை மட்டும் காட்டிவிட்டுப் பேசாமல் இருக்கும், அதனால் "எல்லாம் வந்துவிட்டது" என்று ஏமாறுவீர்கள். புது மேக்கை நம்பியும் பயனில்லை. 2019-இல் வந்த கேட்டலினாவோடு ஆப்பிளே அந்தப் பழைய முறையைக் கைகழுவிவிட்டது. லினக்ஸ் படிக்கும்.

ஆனால் எடுத்தால் மட்டும் போதாது. பழைய மேக்கில் ஒரு ஃபைலுக்கு இரண்டு கிளை உண்டு. எழுத்துருக்களின் சரக்கு முழுவதும் ரிசோர்ஸ் என்ற கிளையில் இருக்கும். சாதாரணமாகக் காப்பி செய்தால் அந்தக் கிளை கழன்று, எழுத்துரு பூஜ்யம் பைட்டாக வந்து நிற்கும். மேக்கில் பக்கம் அமைத்த அச்சகத்தின் டிஸ்க் வந்தால் இதைத்தான் முதலில் பாருங்கள். எழுத்துரு இல்லாமல் அந்தக் காலத்துத் தமிழ்ப் பக்கங்களைத் திறந்தால் வெறும் கிறுக்கல்தான் வரும். எடுத்த ஃபைலோடு முழு இமேஜையும் வைத்திருங்கள் என்று நான் நச்சரிப்பது இதற்காகத்தான்.

9. யூடிஎஃப்பில் பதிப்பு எண்தான் வில்லன். படம் பார்க்கும் டிவிடியில் 1.02, கூடவே ஐஎஸ்ஓவும் இருக்கும், அதனால் சண்டை இல்லை. ப்ளூ-ரே கேட்பது 2.50. விண்டோஸ் எக்ஸ்பி 2.01 வரைதான் படிக்கும், 2.50 விஸ்டாவிலிருந்து. டைரக்ட்சிடி, இன்சிடி போன்ற மென்பொருள்களால் பென் டிரைவ்போல் எழுதிய டிஸ்க்குகளும் இந்த ஜாதிதான். வீட்டு டிவிடி பிளேயர் அவற்றைத் திருப்பித் துப்பினால் டிஸ்க் கெட்டுப்போனதாக அர்த்தம் இல்லை.

10. எட்டு சென்டிமீட்டர் குட்டி டிவிடி வந்தால் அது பெரும்பாலும் ஹேண்டிகேம் வகை வீடியோ கேமராவில் எழுதியது. ஃபைனலைஸ் செய்யாமல் கேமராவிலிருந்து எடுத்திருப்பார்கள், கம்ப்யூட்டர் காலி என்று சத்தியம் செய்யும். எழுதும் டிரைவில் இமேஜ் வருகிறதா என்று முதலில் பாருங்கள். வராவிட்டால், கேமரா உயிரோடு இருந்தால் சார்ஜரில் செருகி, அதிலேயே ஃபைனலைஸ் செய்யச் சொல்லுங்கள். பேட்டரியை நம்பி ஆரம்பிக்காதீர்கள். வாய்க்குள் இழுத்துக்கொள்ளும் ஸ்லாட் வகை டிரைவில் இந்தக் குட்டியைப் போடவே போடாதீர்கள்.

11. ஆடியோ சிடியில் ஃபைல் சிஸ்டமே கிடையாது. விண்டோஸ் காட்டும் சிடிஏ ஃபைல்கள் 44 பைட் விலாசச் சீட்டுகள். அவற்றைப் பென் டிரைவில் போட்டு "பாட்டு எடுத்துவிட்டேன்" என்று வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ரிப் செய்ய வேண்டும். கல்யாண விசிடி வேறு வகை. 1993-இன் விசிடி முறையில், ஃபைல் பட்டியல் ஐஎஸ்ஓதான், ஆனால் படம் இருக்கும் செக்டரில் 2,048 பைட்டுக்குப் பதில் 2,324 பைட். பிழைதிருத்தத்துக்கான இடத்தையும் படத்துக்கே கொடுத்துவிட்டார்கள். ஆகவே லினக்ஸில் படம் இருக்கும் டாட் (.dat) ஃபைலைச் சாதாரணமாகக் காப்பி செய்தால் பிழை அடிக்கும், சாதா ஐஎஸ்ஓ இமேஜும் உதவாது. பின்-க்யூ என்ற முழு இமேஜாக எடுங்கள். விண்டோஸில் காப்பி ஆகும், விஎல்சி ஓட்டும்.

12. நான்காம் வருஷப் படம் இருக்கிறது, முதல் மூன்று வருஷம் காணோம் என்றால் செஷன் சிக்கல். ஒவ்வொரு முறை எழுதுவதும் ஒரு செஷன். முந்தைய செஷனைத் தொடரச் சொல்லாமல் எழுதியிருப்பார்கள். விண்டோஸ் கடைசிப் பட்டியலை மட்டும் காட்டும். ஐசோபஸ்டர் எல்லா செஷனையும் வரிசையாகக் காட்டும், சில வேலைகளுக்குக் காசு கட்ட வேண்டும். கொடுக்கலாம்.

13. திருப்பிக் கொடுக்கும்போது பென் டிரைவிலோ ஹார்ட் டிஸ்க்கிலோ கொடுங்கள். டிஸ்க்கில்தான் வேண்டும் என்று பெரியவர்கள் பிடிவாதம் பிடித்தால் ஐஎஸ்ஓவும் ஜோலியட்டும் சேர்த்து, ஒரே செஷனில், மூடி எழுதுங்கள். 4 ஜிபிக்கு மேல் ஒற்றை ஃபைல் இருந்தால் மட்டும் யூடிஎஃப் 1.02. எழுதி முடித்ததும் எழுதிய டிரைவில் சோதிக்காமல் வேறொரு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். பழைய டிஸ்க்கையும் மறக்காமல் கூடவே கொடுத்துவிடுங்கள்.