ஓடும் இருக்கட்டும், டி.என்.ஏ.வும் கிடைக்கட்டும்

பத்தாம் வகுப்பு மரபியல் பாடத்தின்போது வாழைப்பழத்திலிருந்து டி.என்.ஏ. பிரித்துக் காட்டுவது நம்மில் பலரும் செய்வதுதான். பழத்தை மசித்து, உப்பும் பாத்திரம் கழுவும் திரவமும் கலந்த நீரைச் சேர்த்து வடிகட்டி, குளிர்ந்த எரிசாராயத்தை மெல்ல ஊற்றினால் வெண்ணிற இழைகள் மேலே வரும். சென்ற ஆண்டு ஒரு மாணவி கேட்டாள்: "பழத்தைத்தான் நசுக்கிட்டோமே டீச்சர், இது ரஸ்தாளியா பூவனான்னு பின்னாடி யாராவது கேட்டா எதைக் காட்டுறது?"

உடனே என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பிறகு படித்தபோதுதான், ஆய்வாளர்களையும் இதே கேள்வி வாட்டியிருக்கிறது என்று தெரிந்தது.

தேங்காயில் ஒரு சான்று

மயிலாப்பூர் கடைவீதியில் விற்கும் இளநீர்க் காய்களில் சிலவற்றின் காம்பருகே பழுப்பு நிற வெடிப்புகள் இருக்கும். ஈரியோஃபைட் சிலந்தி தந்த தழும்பு அது. பெயரில் சிலந்தி இருந்தாலும், உண்ணி இனத்தோடு சேர்ந்த சிற்றுயிர். நீளம் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர். காயின் தொப்பிக்கு அடியில் மறைந்து சாற்றை உறிஞ்சும். சிலந்தி வகுப்பைச் சேர்ந்தவற்றுக்கு எட்டுக் கால்கள் என்று கற்பிக்கிறோம். இதற்கோ நான்கே கால்கள்!

மெக்சிகோவின் குரேரோ மாநிலத்தில் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு 1965இல் கீஃபர் என்பவர் இதற்கு அசேரியா குரேரோனிஸ் என்று பெயரிட்டார். 1998இல் கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் காணப்பட்டது. சில ஆண்டுகளில் தமிழ்நாட்டுத் தோப்புகளையும் வாட்டியது. எங்கிருந்து வந்தது? 2005இல் வெளியான டி.என்.ஏ. ஆய்வு விடை தந்தது. அமெரிக்கக் கண்டத்து மாதிரிகளில் டி.என்.ஏ. வேறுபாடுகள் மிகுதி, ஆசிய, ஆப்பிரிக்க மாதிரிகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன. வேறுபாடு மிகுந்த இடமே பூர்விகம் என்பது இதன் தர்க்கம்.

சிக்கலும் தீர்வும்

இத்தனை சிறிய உயிரிலிருந்து டி.என்.ஏ. எடுக்க அதை அப்படியே நசுக்குவதே எளிய வழி. ஆனால் இனத்தை உறுதி செய்ய முதுகுக் கவசத்தின் கோடுகள், நுண்மயிர்களின் அமைப்பு, கால் நுனியின் இறகு போன்ற உறுப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். உடலே இல்லையென்றால், தவறான பெயரில் பதிவான டி.என்.ஏ.வைச் சரிபார்க்க வழியில்லை. பூச்சியின் பெயர் தவறினால் விவசாயிக்குச் சொல்லும் தீர்வும் தவறும்.

அதனால் நசுக்காத முறையைக் கையாளுகிறார்கள்:

1. எரிசாராயத்தில் பாதுகாத்த உயிரியை நுண்ணோக்கியில் படமெடுத்து, எண் இடுகிறார்கள்.
2. புரோட்டினேஸ் கே என்ற நொதி கலந்த கரைசலில் இட்டு, சுமார் 56 டிகிரி செல்சியஸில் சில மணி நேரமோ ஓர் இரவோ வைக்கிறார்கள். நொதி புரதங்களைச் சிதைப்பதால் உட்பகுதி கரைந்து டி.என்.ஏ. வெளியேறுகிறது. கைட்டின் புரதமன்று, ஆகவே மேலோடு நிற்கிறது.
3. கரைசலை மட்டும் பிரித்தெடுத்து, பி.சி.ஆர். முறையில் டி.என்.ஏ.வைப் பெருக்குகிறார்கள்.
4. ஓட்டைக் கழுவி, கண்ணாடிச் சில்லில் பதித்து, அதே எண்ணை எழுதுகிறார்கள்.

யானை உண்ட விளாம்பழம் என்பார்களே, அதேதான்: உள்ளே ஒன்றுமில்லை, ஓடு முழுசு. மென்மையான ஓடு சிதையவும் கூடும் என்பதால், அதே காயில் எடுத்த வேறு சிலவற்றையும் தனியே பதித்து வைப்பது நல்லது.

இத்தகைய சான்று மாதிரிகளைக் காப்பது அருங்காட்சியகங்களின் பணி. 1916இல் தொடங்கிய இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் நம் சாந்தோம் நெடுஞ்சாலையிலேயே இருக்கிறது.

வகுப்பறையில்

நொதியும் பி.சி.ஆர். கருவியும் நம் பள்ளிகளில் இல்லை. ஆனால் அந்த ஒழுங்கைக் கற்பிக்கலாம். இப்போது என் மாணவர்கள் பழத்தை மசிக்கும் முன் அதை வரைகிறார்கள். வாங்கிய இடம், நாள், ரகம் எழுதுகிறார்கள். தோலின் ஒரு துண்டை உலர்த்தி, குழாயில் உள்ள அதே எண்ணை அதற்கும் இடுகிறார்கள். எரிசாராயம் தீப்பற்றும், அதை ஆசிரியரே கையாள வேண்டும். இளநீர்க் கடையில் தழும்புள்ள காய் கிடைத்தால், தொப்பியை நீக்கி அடிப்புறத்தை மெல்லச் சுரண்டி, பள்ளி நுண்ணோக்கியில் தேடச் சொல்லலாம்.

அந்த மாணவியின் கேள்விக்கு இப்போது பதில் உண்டு. குழாயில் உள்ள இழைக்கு எண் 7. நோட்டில் ஒட்டிய தோலுக்கும் எண் 7. யார் கேட்டாலும் அவளே எடுத்துக் காட்டுவாள்.