நீலக்கோட்டருகே ஒரு பட்டாலியன்

நுழையும்முன்

போர்க்களத்தைப் பாடிய நூல்கள் நம்மிடம் பல உண்டு. போர் மூளாமல் காக்கும் நாள்களைப் பற்றிய எழுத்தோ மிகக் குறைவு. லெபனான் நாட்டின் தென்பகுதிக்கு ஐக்கிய நாடுகள் அவையின் கொடியின்கீழ் 1998 முதல் ஆண்டுதோறும் மாறிமாறிச் சென்ற இந்தியக் காலாட்படைப் பட்டாலியன்களின் அன்றாட வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கோடும் அதன் வரலாறும்

1978 மார்ச்சில் இஸ்ரேலியப் படை தென் லெபனானுக்குள் நுழைந்தது. அப்படை திரும்பிச் செல்வதை உறுதிசெய்யவும், லெபனான் அரசு தன் ஆட்சியை அங்கே மீண்டும் நிலைநாட்டத் துணைநிற்கவும், பாதுகாப்பு அவை 425ஆம் தீர்மானத்தின்வழி ஓர் இடைக்காலப் படையை அமைத்தது. ‘இடைக்காலம்’ என்று பெயரிடப்பட்ட அப்படை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே நிலைத்தது. பெயர் வைத்தவர்கள் இதனை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

2000ஆம் ஆண்டு மே மாதத்தில் இஸ்ரேல் வெளியேறியபோது, அவ்வெளியேற்றம் முழுமையானதா என்று சரிபார்க்க ஐ.நா. ஒரு கோட்டை வகுத்தது. அதுவே நீலக்கோடு. ஏறத்தாழ 120 கிலோமீட்டர் நீளமுடைய இக்கோடு இரு நாடுகளின் எல்லை அன்று என்பதை மாணவர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். எல்லை எது என்பதில் இரு நாடுகளுக்கும் இன்னும் உடன்பாடு இல்லை. உடன்பாடு வரும்வரை இதனைத் தாண்டாதிருங்கள் என்பதற்கான அடையாளமே இக்கோடு. இதன் சில இடங்களில் நீல வண்ணம் பூசிய பீப்பாய்கள் கம்பங்களின்மேல் நிறுத்தப்பட்டுள்ளன. பல இடங்களில் கண்ணுக்குத் தெரியும் அடையாளம் எதுவும் இல்லை. வரைபடத்தில் மட்டுமே கோடு உண்டு. ஆடு மேய்ப்பவர் கையில் வரைபடம் இருப்பதில்லை. இடர்ப்பாடு அங்கேதான் தொடங்குகிறது.

இந்தியப் பட்டாலியனுக்கு ஒதுக்கப்பட்டது இக்கோட்டின் கிழக்குப் பகுதி. இபில் அஸ்-சாகி என்னும் சிற்றூரில் அதன் தலைமையிடம் அமைந்தது. வடகிழக்கே 2,800 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் ஹெர்மோன் மலையில் குளிர்காலம் முழுவதும் பனி படிந்திருக்கும். தாழ்வான சரிவுகளில் ஒலிவ மரத் தோட்டங்கள் பரந்துள்ளன. சன்னி, ஷியா இசுலாமியர், கிறித்தவர், துரூசியர் எனப் பல சமயத்தாரும் அருகருகே உள்ள ஊர்களில் வாழ்கின்றனர்.

ஓர் ஐயத்தை இங்கே தெளிவுபடுத்துதல் நன்று. ‘அமைதிப்படை’ என்றதும் தமிழர்க்கு இலங்கை நினைவுக்கு வருவது இயல்பு. 1987 முதல் 1990 வரை அங்கிருந்த இந்தியப் படை இரு அரசுகளின் உடன்படிக்கையால் சென்றது, ஐ.நா. அனுப்பியதன்று. அதன் பணியும் விளைவுகளும் வேறு. இப்பாடத்தில் வருவது நீலத்தொப்பி அணிந்த ஐ.நா. படை. தொடர்புடைய தரப்புகளின் இசைவு, நடுவுநிலை, தற்காப்புக்கும் ஒப்படைக்கப்பட்ட பணியைக் காப்பதற்குமன்றி ஆயுதம் எடுக்காமை ஆகிய மூன்றும் அதன் அடிப்படை நெறிகள்.

புறப்பாடு

ஒரு காலாட்படைப் பட்டாலியனில் ஏறத்தாழ எண்ணூறு, தொள்ளாயிரம் பேர் இருப்பர். அவர்கள் கம்பெனிகளாகவும், கம்பெனி பிளாட்டூன்களாகவும், பிளாட்டூன் பத்துப் பேர் கொண்ட செக்ஷன்களாகவும் பிரிக்கப்படுவர். பட்டாலியனின் தலைவர் கர்னல். ஆனால் வீரர்களின் நாடித்துடிப்பை அறிந்தவர் சுபேதார் மேஜர். யாருடைய வீட்டில் தந்தை நோயுற்றிருக்கிறார், யாருக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, யார் மூன்று நாளாகச் சரியாக உண்ணவில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். வெளிநாட்டுப் பணியில் அவருடைய அறிவு வரைபடத்துக்கு இணையான மதிப்புடையது.

புதுதில்லியில் 2000ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஐ.நா. அமைதிகாப்புப் பயிற்சி மையம் இப்பணிக்குரிய நெறிகளைக் கற்பிக்கிறது. எதிரியை அடையாளம் கண்டு வெல்லப் பழகியவர்களுக்கு, எதிரி என்று எவரும் இல்லாத களத்தில் எவ்வாறு நடந்துகொள்வது என்பதைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியுள்ளது. இது எளிதன்று. மறைந்து நிற்பதே காலாட்படையின் முதற்பாடம். ஐ.நா. வீரனோ வெள்ளை வண்ணம் பூசிய ஊர்தியில், நீலத்தொப்பியுடன், இரவில் கொடிமேல் விளக்கொளி பாய, எல்லாரும் காணும்படி நிற்க வேண்டும். அவன் அங்கிருக்கிறான் என்பது அனைவருக்கும் தெரிவதே அவனுக்குரிய பாதுகாப்பு.

ஒரு நாள்

விடியலுக்கு முன்பே காவல்நிலை விழித்துக்கொள்கிறது. உடற்பயிற்சி, துப்பாக்கியைத் துடைத்தல், வருகைக் கணக்கு ஆகியன இந்தியாவின் எந்தப் படைமுகாமிலும் நடப்பவையே. சமையற்கூடத்தை வீரர்கள் ‘லங்கர்’ என்பர். மாவும் அரிசியும் பருப்பும் அங்கே ஊரின் மணத்தை உண்டாக்குகின்றன. தீபாவளி, பொங்கல் போன்ற நாள்களில் அதிகாரியும் சிப்பாயும் ஒரே பந்தியில் உண்ணும் ‘படா கானா’ நடைபெறும்.

பின்னர் ரோந்து. தென் லெபனானின் நிலத்தில் பழைய கண்ணிவெடிகளும், 2006ஆம் ஆண்டுப் போரில் வீசப்பட்டு வெடிக்காமல் கிடக்கும் கொத்துக்குண்டுகளும் உள்ளன. எனவே சோதித்துக் குறியிடப்பட்ட பாதையைவிட்டு ஓரடியும் விலகுதல் கூடாது. நிழல் தரும் மரம் பத்தடி தொலைவில் இருந்தாலும் வெயிலிலேயே நிற்க வேண்டும்.

ரோந்தில் வீரர்கள் செய்வதென்ன? பார்க்கிறார்கள், எழுதுகிறார்கள். நேற்று இல்லாத மண்மேடு இன்று இருக்கிறதா, பீப்பாய் நகர்த்தப்பட்டுள்ளதா, வானூர்தி ஒன்று கோட்டைத் தாண்டிப் பறந்ததா, எந்த நேரத்தில், எத்திசையில் என்பவற்றைப் பதிவேட்டில் குறிக்கிறார்கள். தரைவழியாயினும் வான்வழியாயினும் எத்தரப்பினர் தாண்டினாலும் அது மீறலே. பதிவில் ‘நண்பர்’, ‘பகைவர்’ என்னும் சொற்களுக்கு இடமில்லை. பெயரடைகளுக்கும் இடமில்லை. கட்டுரை எழுதும் மாணவர்க்கும் இப்பதிவேடு ஒரு நல்ல ஆசிரியர் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ‘பெரும் சத்தம்’ என்று எழுதினால் பயனில்லை. எத்தனை முறை, எங்கிருந்து, எவ்வளவு நேரம் என்று எழுத வேண்டும்.

ஒரு மேய்ப்பர் தப்பிய ஆட்டைத் தேடிக் கோட்டைத் தாண்டிவிட்டார் எனக் கொள்வோம். அப்பால் இருக்கும் படை அவரை உளவாளி என ஐயுறலாம், பிடித்துச் செல்லலாம், சுடவும் கூடும். சுட்டால் இப்பக்கத்திலிருந்து மறுமொழி கிளம்பும். ஓர் ஆட்டில் தொடங்கியது மாலைக்குள் பீரங்கிவரை வளரலாம். ஆகவே மேய்ப்பரைக் கண்ட வீரர் உடனே வானொலியில் தெரிவிக்கிறார். செய்தி கம்பெனிக்கும், பட்டாலியனுக்கும், நகூராவில் உள்ள தலைமையகத்துக்கும் செல்கிறது. அங்குள்ள தொடர்பு அதிகாரிகள் இரு தரப்புப் படைகளோடும் பேசுகிறார்கள். ‘அவர் மேய்ப்பர், ஆயுதம் இல்லை, திரும்பிக்கொண்டிருக்கிறார்’ என்னும் செய்தி உரிய நேரத்தில் சேர்ந்தால் அன்று ஒன்றும் நிகழ்வதில்லை. நாளேடுகளிலும் எதுவும் வருவதில்லை. ஒன்றும் நிகழாத அந்நாளை உண்டாக்கத்தான் அத்தனை பேரும் உழைத்திருக்கின்றனர்.

ஊரும் வீரரும்

அரபு மொழியில் ‘ஹிந்தி’ என்றால் இந்தியர் என்று பொருள். நம் புளியை அரேபியர் ‘தமர் ஹிந்தி’, அதாவது இந்தியப் பேரீச்சை என்றே அழைத்தனர். ஆங்கிலத்தில் ‘டாமரிண்ட்’ ஆனதும் அச்சொல்லே. ‘மர்ஹபா’ என்று வணங்கவும் ‘ஷுக்ரன்’ என்று நன்றி கூறவும் வீரர்கள் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்கின்றனர். அதற்குமேல் மொழிபெயர்ப்பாளரின் துணை வேண்டும்.

பட்டாலியனுடன் மருத்துவர்களும் கால்நடை மருத்துவரும் செல்கின்றனர். ஊர்மக்களுக்கு இந்திய வீரர்களை நெருக்கமாக்கியதில் கால்நடை மருத்துவருக்குத் தனிப்பங்குண்டு. ஆடும் மாடுமே செல்வமாகிய குடும்பத்துக்கு, ஈன முடியாமல் தவிக்கும் பசுவைக் காப்பாற்றித் தருபவர் எந்நாட்டவர் என்பது பெரிதன்று. ஒலிவக் காய் பறிக்கும் காலத்தில், கோட்டை ஒட்டிய தோட்டங்களுக்கு உழவர் அச்சமின்றிச் சென்றுவர இரு தரப்பினரிடமும் முன்னரே பேசிவைப்பதும் படையின் பணிகளுள் ஒன்று.

ஆயினும் இவ்வுறவை மிகைப்படுத்துதல் தகாது. ரோந்து ஊர்திகளை வழிமறித்துக் கல்லெறிந்த ஊர்களும் தென் லெபனானில் உண்டு. ‘கண்ணெதிரே குண்டு விழுந்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள்?’ என்று வீட்டை இழந்தவர் கேட்டால், ‘பதிவு செய்தோம்’ என்னும் விடை அவர்க்கு ஆறுதல் தராது. படையின் நெறிக்கும் மக்களின் எதிர்பார்ப்புக்கும் இடையிலுள்ள இத்தொலைவை நீலத்தொப்பி அணிந்தவர் ஒவ்வொருவரும் சுமக்க நேர்கிறது.

இரவு

காவல் முறைவைத்து மாறும். இருவர் விழித்திருக்க, மற்றவர் உறங்குவர். முல்லைப்பாட்டில் நப்பூதனார் காட்டும் பாசறையிலும் நாழிகைக் கணக்கர் நீர்க்கடிகையைப் பார்த்து மன்னனுக்குப் பொழுது அறிவிக்கின்றனர். காவலர் உறக்கம் தள்ளாட வலம்வருகின்றனர். கருவிகள் மாறினும் பின்னிரவின் கண்ணெரிச்சல் மாறவில்லை.

குளிர்காலத்தில் லெபனானில் இரவு ஏழு மணியானால் இந்தியாவில் பத்தரை மணி. பணி முடித்து வீட்டுக்குப் பேச நினைக்கும் தந்தை, பிள்ளைகள் உறங்கும் முன் அழைக்க மூன்றரை மணி நேரத்தைக் கழித்துக் கணக்கிட வேண்டும். காவல்முறை மாலையில் வந்துவிட்டால் அன்று பேச்சு இல்லை. எங்கே நிற்கிறோம், என்ன கண்டோம் என்பவற்றை வீட்டாரிடமும் சொல்லுதல் கூடாது. எனவே பேச்சு பெரும்பாலும் பள்ளி, மழை, கடன், திருமணம் என்பவற்றைப் பற்றியதாகவே அமையும்.

குண்டு விழும் நாள்கள்

2006 ஜூலை 12 அன்று மூண்ட போர் 34 நாள்கள் நீடித்தது. அப்போரின்போது கியாம் என்னும் ஊரிலிருந்த ஐ.நா. கண்காணிப்பு நிலையம் வான்தாக்குதலில் இடிந்தது. ஆஸ்திரியா, கனடா, சீனா, பின்லாந்து நாடுகளைச் சேர்ந்த நால்வர் இறந்தனர். ஆயுதம் ஏந்தாத கண்காணிப்பாளர்கள் அவர்கள். இபில் அஸ்-சாகி அவ்வூருக்கு மிக அருகில் உள்ளது. 2024 இலையுதிர் காலத்தில் மீண்டும் போர் பெருகியபோது, கோட்டருகே உள்ள நிலைகளைவிட்டு விலகுமாறு இஸ்ரேல் கேட்டது. படையோ நிலைகளில் தொடர்ந்து இருந்தது. அப்போது ஏறத்தாழ 900 இந்திய வீரர் அங்கிருந்தனர். பதுங்குகுழியில் தங்கும் நாள்களிலும் பதிவேடு எழுதப்பட்டது.

1978 முதல் இப்படையில் பணியாற்றிப் பல நாடுகளைச் சேர்ந்த முந்நூறுக்கும் மேற்பட்டோர் உயிர்நீத்துள்ளனர். அவர்கள் இருந்தும் 2006 வந்தது, 2024 வந்தது. அவ்வாறாயின் பயன் என்ன என்னும் வினா எழும். தடுக்கப்படாத போர்களை எண்ணிவிடலாம். தடுக்கப்பட்டவற்றை எண்ண வழியில்லை. இவ்வினாவை வகுப்பில் விவாதியுங்கள். 2025 ஆகஸ்டில் பாதுகாப்பு அவை எடுத்த முடிவு, 2026 டிசம்பர் 31 உடன் இப்படையின் பணி நிறைவுறும் என்பது.

ஓராண்டு முடிந்ததும் அடுத்த பட்டாலியனின் முன்குழு வந்து சேரும். பழையவர் புதியவரை ஒவ்வொரு காவல்நிலைக்கும் அழைத்துச் சென்று, எந்தப் பாதை சோதிக்கப்பட்டது, எந்தத் திருப்பத்தில் ஆட்டுமந்தை வரும், எந்த வீட்டு முதியவர் தேநீர் அருந்தாமல் விடமாட்டார் என்பவற்றைச் சொல்லிக் கொடுப்பார். துப்பாக்கி, வானொலி, தொலைநோக்கி ஆகியவற்றின் கணக்கு சரிபார்க்கப்படும். இறுதியாகப் பதிவேடு கைமாறும். இருவரும் நேரத்தைக் குறித்து அதில் கையொப்பமிடுவர்.